மேடையில் ஒரு காலி நாற்காலி

தபால் நிலையத்தில் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியபோதே எனக்கு எரிந்தது. தடித்த வெள்ளை உறை. 'திருமதி தியோடோசியா ரடக்' என்று மையால் எழுதிய சாய்ந்த கையெழுத்து. மூலையில் அனுப்பியவர் பெயர், லூதர் பெக்ஃபோர்ட். அந்த அக்டோபரில் கொலராடோ முழுக்க வேலிக்கு வேலி ஒட்டியிருந்த பெயர். கவர்னர் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது.

தபால்காரர் பெட்டிஜான் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"என்ன ஆன்செல், வருங்கால கவர்னர் உன் வீட்டம்மாவுக்கு எழுதறாரு, உனக்கு ஒரு வரி எழுத மாட்டேங்கறாரே?"

சிரித்துவைத்தேன். வாய்க்கால் கம்பெனியில் மதகு திறந்து மூடுவது என் வேலை. தினமும் பதினெட்டு மைல் குதிரையில் கரையோரம் போவேன். அன்று முதல் மதகருகே குதிரையை நிறுத்தி உறையைக் கிழித்தேன். கல்யாணமான பதினேழு வருஷத்தில் என் மனைவி டோசிக்கு வந்த கடிதத்தை நான் பிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைமடை விவசாயிகளுக்குத் தண்ணீர் எட்டாத கொடுமையைப் பற்றி அவள் அவருக்கு எழுதியிருக்கிறாள். எனக்கே தெரியாது. அதை மூன்று முறை படித்தாராம். சனிக்கிழமை எங்கள் ஊர்க் கூட்டத்தில் அவள் மேடையேறிப் பேச வேண்டுமாம். 'என் பக்கத்தில் உங்களுக்கு ஓர் இருக்கை போட்டு வைக்கிறேன்.'

என் பக்கத்தில். அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஆள் உயரமானவர், மனைவியை இழந்தவர், சுவரொட்டிப் படத்தில் மீசையை நன்றாக வாரியிருப்பார். கடிதத்தைச் சேணப் பையில் அடியில் திணித்தேன். வீட்டில் டோசி, "தபால் ஏதும் வந்துச்சா?" என்றாள். "விதைக்காரன் விளம்பரம்தான்" என்றேன். அவள் முகம் லேசாக வாடியது. யாருக்காக வாடுகிறது என்று நினைத்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.

சனிக்கிழமை மதியம் சர்க்கரை பீட் கிழங்கு ஏற்றிய வண்டிகளை அப்படியே தெருவில் விட்டுவிட்டு ஊரே மண்டபத்தில் கூடியிருந்தது. நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் பெக்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நான் அதைப் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டேன்.

அவர் எழுந்தார். "தலைமடைக்காரன் குட்டையில வாத்து நீந்துது. கடைமடைக்காரனோட பீட்டு மண்ணுக்குள்ளயே வெந்து போகுது!"

கூட்டம் கை தட்டியது. அது என் வார்த்தை. போன ஜூலையில் சாப்பிடும்போது நான் புலம்பியது, வாத்து உட்பட. என் வாயிலிருந்து வந்ததை அவள் இந்த மனுஷனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"இது என் பேச்சு இல்ல," என்றார் பெக்ஃபோர்ட். "இந்த ஊர் அம்மா ஒருத்தங்க எனக்கு எழுதினது. இங்க வந்து பேசச் சொல்லிக் கடுதாசி போட்டேன். அவங்க வரல போலிருக்கு."

டோசி என் பக்கம் திரும்பினாள். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். பிறகு எழுந்து நின்றாள்.

"வந்திருக்கேங்க. இங்கதான் இருக்கேன்."

அவள் நடந்துபோக நடைபாதை நீண்டுகொண்டே இருந்தது. மேடையேறியபோது அவர் கை கொடுத்தார். அந்தக் கையைத்தான் நான் பார்த்தேன். பிடித்தார், விட்டார், அவ்வளவுதான். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு பேசினாள். எந்த மாதம் எந்த மதகில் தண்ணீர் நிற்கிறது, யார் வயல் காய்கிறது என்று பெயர் பெயராகச் சொன்னாள்.

"இதெல்லாம் நான் கண்டுபிடிச்சதில்ல. என் வீட்டுக்காரர் மதகு வேலை பாக்கறவர். ராத்திரி சாப்பாட்டுல சொல்லுவார். சொல்லிட்டுத் தூங்கிடுவார். எனக்குத்தான் தூக்கம் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெருமைப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. முடியவில்லை.

வண்டியில் பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "கடுதாசி எங்க?"

வண்டியில் கிடந்த சேணப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்து மடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு மேல எனக்கு ஆசைன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"அதுகூடப் பரவால்ல. நான் மேடையில நிக்கறதுதான் உங்களுக்குப் பொறுக்கல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். குதிரையை அதட்டினேன்.

தேர்தலன்று இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டுப் போட்டோம். எங்கள் மாநிலத்தில் பெண்கள் ஓட்டுப் போடத் தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தடுப்புக்குள் நின்று பெக்ஃபோர்டின் பெயரை வெகுநேரம் பார்த்தேன். கடைமடைக்கு நல்லது செய்யக்கூடியவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும். பென்சில் அடுத்த பெயருக்குப் போனது. டோசி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெக்ஃபோர்ட் எங்கள் பள்ளத்தாக்கில் ஜெயித்தார், மாநிலத்தில் தோற்றார். இனி எல்லாம் அடங்கிவிடும் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். டிசம்பரில் பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர்ச் சட்டம் பற்றிப் பேச டோசி பியூப்ளோ நகரத்துக்கு வர வேண்டுமாம்.

"நாலு நாள் ஆகும்," என்றாள் டோசி. அனுமதி கேட்கும் குரல் இல்லை அது.

அவள் பெட்டியை நானே தூக்கி வண்டியில் வைத்தேன். வண்டி வாய்க்கால் கரையில் ஏறி, பனி படிந்த வில்லோ மரங்களுக்கிடையே சிறுத்துக்கொண்டே போனது. திருப்பத்தில் அவளுடைய கருநீலத் தொப்பி ஒரு கணம் திரும்பியது. வீட்டைப் பார்த்தாளா, வறண்டு கிடந்த வாய்க்காலைப் பார்த்தாளா, அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.