தூக்குவாளியில் மீந்த பசி

எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடையைக் கொஞ்ச நாள் மூட வேண்டி வந்தால், வாடிக்கைக்காரர்களின் பசியை இன்சூரன்ஸ்காரர்கள் வாங்கிப்போய்ப் பத்திரமாக வைத்திருப்பார்கள். திறக்கிற அன்று அவரவர் பசியை அவரவரிடம் கொடுத்துவிடுவார்கள். அதுவரை யாரும் வேறு கடைக்குப் போக மாட்டார்கள். நட்டம் வராது.

சாக்கடைக் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியபோது என் இட்லிக் கடையை மூடினேன். ஏஜெண்டு கிறிஸ்துதாஸ் தம்பி வந்து, எல்லார் பசியையும் தூக்குவாளிகளில் வாங்கி, மூடிமேல் ஈரத்துணி கட்டி எடுத்துப் போனார். ஜெபம் செய்துதான் அனுப்பினேன்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. திறக்கிற அன்று வெயில் படியேறுமுன் போணி ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால் மூடினது மூடினதுதான். பசிகளெல்லாம் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடும். நான் பட்டணத்தில் மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே எல்லாரும் நல்லவர்கள். யாருக்கும் பசிக்காது.

குழியை மூடியதும் கடையைத் திறந்தேன். தம்பி வாளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டோக்காரர் சுந்தரபாண்டி தன் வாளியைத் திறந்து பார்த்தார்.

“என்ன வே, கொறையுதே? நான் குடுத்தது இதவிட ஜாஸ்தில்லா?”

“சும்மா தெறந்து தெறந்து பாத்தா ஆவியாத்தான் போவும். முழுங்கும் வே,” என்றார் தம்பி.

பசி வந்த பிறகும் யாரும் உட்காரவில்லை. எங்கள் கடையில் போணி என்றால் மாசிலாமணி அண்ணாச்சி கைராசிதான். அவர் சாப்பிட்டு, இலையை மடித்து, அதனடியில் காசு வைத்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். கடை மூடியிருந்த நாட்களில் அண்ணாச்சி கர்த்தருக்குள் நித்திரையாகிவிட்டார். பசி வாளியில் இருந்ததால் பசியில்லாமலே போனார்.

“யாராவது உக்காருங்களேன்,” என்றார் கிறிஸ்துதாஸ்.

“அண்ணாச்சிக்கு முன்னாலயா? நீரு உக்காரும்,” என்றார் சுந்தரபாண்டி.

“எம் பசி ஆபீஸ்ல இருக்கு.”

வெயில் கீழ்ப்படிக்கு வந்துவிட்டது. பெஞ்சில் ஒரு வாளி மட்டும் மீந்திருந்தது. அதன் மூடி லேசாக ஆடியது.

“இது அண்ணாச்சியோடதுதான தம்பி?”

“ஆமாக்கா. வாங்க ஆளில்ல. திருப்பி எடுத்துட்டுப் போணும்.”

“கொஞ்சம் பொறுங்க.”

ஈரத்துணியை அவிழ்த்து வாளியைத் திறந்தேன். அண்ணாச்சி இடத்தில் இலை போட்டு, இட்லியும் மிளகாய்ப்பொடியும் வைத்து, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். கண்ணை மூடி ஜெபித்தேன். திறந்தபோது இலை உள்பக்கமாக மடிந்திருந்தது. அடியில் ஒரு நாணயம், சூடாக.

“போணி ஆயிட்டு,” என்றார் கிறிஸ்துதாஸ். பெஞ்சுகள் நிறைந்தன.

மறுநாள் காலையில் அண்ணாச்சியின் பசி வழக்கமான நேரத்துக்கு வந்தது. கூடவே இன்னொரு பசியையும் கூட்டி வந்திருந்தது. ரொம்ப தூரம் பஸ்ஸில் வந்த அலுப்பு அதனிடம் தெரிந்தது. பக்கத்தில் இலை போட்டேன். அது சட்னியைத் தொடவில்லை. சின்ன வயதில் என் மகனும் இப்படித்தான், இட்லிக்குச் சீனி கேட்பான்.

சீனி வைத்தேன்.