மோஹாவின் நிலத்தில் ஈரவண்டு

அன்று இதிருக்குத் தண்ணீர்முறை. வாய்க்காலில் வந்ததோ பூனை குடிக்கக்கூடப் போதாது. கீழே அவன் சோளம் இலை சுருண்டு நின்றது. இந்த முறையும் தவறினால் பனிக்காலத்துக்கு வீட்டில் ரொட்டி கிடையாது.

மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாக மலைமேல் ஏறினான். மச்சான் மோஹாவின் நிலத்தில் கால் புதைந்தது. குனிந்து பார்த்தான். சேற்றிலிருந்து எள்ளளவு கறுப்பு வண்டு ஒன்று ஓடிவந்து ஒரு புழுவைக் கவ்வியது. அது நெளிய நெளியக் கிழித்துத் தின்றது. மண்ணைக் கிளறினான். கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தன. ஓடைக்கரைப் பிராணி அது. நேற்று நனைந்த மண்ணில் குடியேறாது, ஈரம் காயாமல் பல நாள் இருக்க வேண்டும். தண்ணீர்த் திருட்டு வழக்கில் ஊர்ச்சபை அதைச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளும்.

இதிருக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

மோஹா வாதுமை மரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“வா மாப்ள. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? என் தங்கச்சி ரொட்டி தரலியா?”

“என் தண்ணியத் திருடிட்டு நக்கல் வேறயா?”

“உன் மடைய நான் தொட்டதுகூட இல்லடா.”

“உன் நிலத்துல வண்டு குடும்பம் நடத்துது. அதுவும் பொய் சொல்லுதா?”

மோஹா சிரித்தபடி எழுந்து கரைக்கு நடந்தான். “அதத்தான் சொல்ல இருந்தேன். வந்து உன் கரையப் பாரு. பூசச் சொன்னா முதுகு வலின்னு படுத்துக்கிட்ட...”

அந்தச் சிரிப்பை இதிரால் தாங்க முடியவில்லை. மண்வெட்டி கழுத்தோரம் இறங்கியது. மோஹா திரும்பிக் கையைத் தூக்கினான். அடுத்த வெட்டில் விரல்கள் போயின. அதற்கடுத்தது நெற்றியில் விழுந்தது. அவன் கரைமேல் மல்லாந்தான்; கரை பொலபொலவென்று சரிந்தது.

உள்ளே முழங்கை நுழையும் அளவுக்கு எலிவளை. அதன் வழியாகத்தான் தண்ணீர் இத்தனை நாளும் மோஹாவின் நிலத்துக்குள் கசிந்திருக்கிறது. வாய்க்கால் எவன் நிலத்தை ஒட்டிப் போனாலும், தண்ணீருக்கு உரியவன்தான் வருஷாவருஷம் கரைக்குக் களிமண் பூச வேண்டும். பாவி இதிர், ஒரு கூடை களிமண்ணுக்குச் சோம்பல்பட்டான்.

மோஹாவின் உடல் உடைப்புக்குள் இறங்கி அடைத்துக்கொண்டது. இதிர் அவன் கையைப் பிடித்து இழுத்தான். ரத்தத்தில் வழுக்கியது. இடிந்த மண்ணிலிருந்து வண்டுகள் கிளம்பி, விரல் இல்லாத அந்தக் கைமேல் ஏறி ஓடின. வாய்க்காலில் தண்ணீர் நிரம்பிக் கீழே பாய்ந்தது.

கீழே சோளக்காட்டிலிருந்து இதிரின் மனைவி துதாவின் குரல் கேட்டது.

“ஏங்க, தண்ணி நிறைய வருது. எங்க அண்ணன்தான் அடச்சு விட்டிருக்கும். சாப்பிடக் கூட்டிட்டு வாங்க.”