ஐந்து இலை அதிகம்

1

இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை. ராஜபாளையத்தில் அடுத்த கொலைக்கதைக்குச் சரக்கில்லாமல் உட்கார்ந்திருந்த எனக்குப் போனில் வந்தது. பேசியவள் ஹெப்சிபா, என் மனைவியின் அக்கா மகள். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. வயலை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு செடியையும் கம்ப்யூட்டரில் தண்டு, இலை, கதிர் என்று பிரித்து அளக்கிறாள்.

முதல் வரி இப்படி எழுதினேன்:

கான்சாபுரம் மக்காச்சோளக் காட்டுக்குள் ஒரு பிணம்...

(அடித்துவிட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில்.)

2

காலையில், கான்சாபுரத்து மக்காச்சோள வயலில், அவளோடு வேலை பார்க்கும் வினோத் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசையோரம் நடந்தான். கண் டேப்லெட்டில், செடியில் இல்லை. மத்தியானம் அதே வரிசையில் மறுபடியும். வெயிலில் இலை எவ்வளவு தொங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

சாயங்காலம் ஹெப்சிபா திரையில் பிரித்தாள். தண்டு சிவப்பு, இலை பச்சை. ஒரு செடியில் மட்டும் ஐந்து இலை அதிகம். குட்டி இலைகள், ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. அவற்றின் பரப்பளவைக்கூட சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு வைத்திருந்தது. படத்தைச் சுழற்றிப் பார்த்தாள்.

விரல்கள்.

(வழக்கமாக இந்த இடத்தில் நான் 'வீல்' என்று அலற வைப்பேன். அவள் அலறவில்லையாம். நாற்காலியை மட்டும் பின்னால் தள்ளினாளாம்.)

3

கொன்றது யார் என்று கேட்டேன். தொழில் பழக்கம். காட்டுக்குச் சொந்தக்காரர் தவசிமுத்துவை வில்லனாக்கி ஒரு வரி ஓட்டியும் விட்டேன்: தவசிமுத்துவின் உதட்டோரம் ஒரு...

"சித்தப்பா, கொலையெல்லாம் வைக்காதிய. அந்த மனுசன் பாவம். போன் போட்டேன். விடியக்காலையில உரம் வைக்க வந்த பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் ஸ்கேனுக்கு முந்தியே லோடு ஆட்டோவுல போயிட்டாகன்னாரு. பொறவு அவரே, வண்டி ஏறையில கூட வந்த பாண்டிசெல்வியக் காணும்னாக, முன்னாடியே நடந்து போயிருப்பான்னு நெனச்சேன்னாரு."

அப்படியானால் செத்துக் கிடந்தவளையா அளந்தீர்கள் என்றேன்.

"காலையில வெரலு விரிஞ்சிருக்கு. மத்தியான ஸ்கேன்ல மடங்கியிருக்கு, சித்தப்பா."

முப்பது வருடமாகப் பத்திரிகையில் வாராவாரம் ஆளைக் கொன்றவன் நான். பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள் உயிரோடு இருந்தபோதே இரண்டு தடவை அளந்திருக்கிறார்கள்.

4

முடிவு அ: ஹெப்சிபாவும் வினோத்தும் கான்சாபுரத்துக்குப் பறந்தார்கள். சோளத்தை விலக்கினார்கள். பாண்டிசெல்வி தண்ணீர் கேட்டாள்.

முடிவு ஆ: சோளத்தை விலக்கினார்கள்.

இரண்டும் என் சரக்கு. நடந்தது ஹெப்சிபாவுக்குத் தெரியும். "அங்க போயி வெலக்கிப் பாத்தா..." என்று ஆரம்பித்தாள். நிறுத்து என்றேன். போனை மேஜையில் கவிழ்த்துவிட்டேன்.

லைனில்தான் இருக்கிறாள். நீங்கள் எடுங்கள். 'சித்தப்பா' என்று கூப்பிடுவாள். நான் எழுந்து போய்விட்டேன் என்று சொல்லிவிட்டு, மீதியைக் கேளுங்கள்.