ஊமத்தை வேரும் மூன்று டம்ளர் காபியும்

பாளையங்கோட்டையில் ஞானையா சார் வீட்டு மேசையில் மூன்று டம்ளர் காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் தொடவில்லை. மாப்பிள்ளை ஹெப்ரானின் தாயார் சாரம்மாள் அந்தக் காபிக்காக நீளமாக ஜெபம்கூடப் பண்ணினாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கை மட்டும் நீளவில்லை.

தப்பு மகள் டார்லினுடையது. என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "சயின்ஸ்" என்று மட்டும் சொல்லும்படி அம்மா அடுக்களையில் மூன்று தடவை சொல்லியிருந்தாள். இவளோ உண்மையைச் சொல்லிவிட்டாள். ஊமத்தையின் விஷம் காயில் இருந்தாலும் உண்டாவது வேரில். அதை உண்டாக்கும் நொதி வேரின் எந்தச் செல்லில் இருக்கிறது என்று நான்கு வருஷமாகத் தேடினாள். போன செவ்வாய்க்கிழமை நுண்ணோக்கியில் அது அகப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"அந்தக் கையாலயா காபி போட்டே?" என்றாள் சாரம்மாள்.

"சோப்பு போட்டு நல்லா கழுவிருவா" என்றார் ஞானையா.

ஹெப்ரான் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"சரி, ஆராய்ச்சிய இத்தோட விட்டுரட்டும். கல்யாணக் கார்டுல டாக்டர் டார்லின்னு போட்டுக்கிடுவோம். இந்தா, எங்க மூத்த மருமவ கிறிஸ்டிக்கும் அப்படித்தான் போட்டோம்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினாள் சாரம்மாள்.

"அவங்க எதுல டாக்டர்?" அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"பிசிக்ஸ். கல்யாணத்தோட நிறுத்திட்டோம்லா."

ஞானையா மகளைப் பார்த்தார். இருபத்தொன்பது வயசு, இது ஏழாவது வரன். சரியென்று சொல், தாயே என்று அவர் கண்கள் கெஞ்சின.

"விட முடியாது அத்தை" என்றாள் டார்லின். "அது வீடு எங்கன இருக்குன்னு இப்பதான் கண்டுபிடிச்சிருக்கேன். இனிமேதான் கதவத் தட்டணும்."

சாரம்மாள் எழுந்தாள். ஹெப்ரானும் எழுந்தான். கிறிஸ்டி எழவில்லை. ஆறு வருஷமாக எந்த வீட்டிலும் மாமியாருக்கு முன்னால் டம்ளரைத் தொடாதவள், தன் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"மைனி!" என்று அலறினான் ஹெப்ரான்.

"ஏட்டி, என்னமும் செய்யுதா?" சாரம்மாள் பதறினாள்.

"சீனி கொஞ்சம் கூட" என்ற கிறிஸ்டி, டார்லினிடம் திரும்பினாள். "எந்தச் செல்லுல இருந்துச்சு?"

இந்த வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை. டார்லின் சாரம்மாளின் காபியில் விரலைத் தோய்த்து மேசைமேல் வட்டம் போட்டாள். "நடுவுல தண்ணி போற குழாய். அதச் சுத்தி ஒத்த வரிசையா நிக்குதுல்லா, இந்தச் செல்லுல மட்டுந்தான்."

வெளியே ஹெப்ரான் கார் ஹார்னை அடித்தான். "கிறிஸ்டி, வாரியா இல்லயா?" என்று வாசலிலிருந்து சத்தம் போட்டாள் சாரம்மாள்.

"நீங்க பைய போங்க அத்தை. நான் டவுண் பஸ்ல வாரேன்."

சொல்லிவிட்டு, கொழுந்தனின் டம்ளரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பக்கத்துச் செல்லுல ஏன் இல்ல?"