பத்து மைலுக்கு முந்தின நாள்

பங்குனி பிறந்ததிலிருந்து மருதாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் மறுபடியும் ஓடப் போகிறான்.

ஊரில் மற்ற ஆம்பிளைகள் சீட்டாடிக் கெட்டார்கள், கள்ளுக்கடையில் கெட்டார்கள். பொங்கியண்ணனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அவனுக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். எட்டு ஏக்கர் கடலைக்காடும் இரண்டு ஜோடி எருதும் உள்ள குடியானவன், முப்பத்தைந்து வயதில் அரை டவுசரைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஓடினால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவளுடைய பயம் வேறு.

பாலக்காட்டுப் பக்கத்தில் அவர்கள் ஊரான எருத்தேன்பதியில் வாசகசாலைக்காரர்கள் வருஷம் தவறாமல் ஓட்டப் பந்தயம் நடத்துவார்கள். முன்பெல்லாம் மார்கழிக் குளிரில் ஆறு மைல். பொங்கியண்ணன் இரண்டு தடவை அதில் முதலாவதாக வந்தவன். எழுபத்து மூன்றில் யாருக்கோ ஆசை பெருத்து, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போய்த் திரும்புகிற பத்து மைலாக நீட்டி, பங்குனிக்கு மாற்றினார்கள். எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டத்துக்குக் கொடியசைக்க வந்த பெரிய மனிதர் பலகாரம் சாப்பிட்டு எழுந்திருக்கப் பத்தாகிவிட்டது. எட்டாவது மைலில் பொங்கியண்ணன் ரோட்டோரத்தில் விழுந்தான்.

மருதாத்தாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவனுடைய கெண்டைக்கால் சதை இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. கண்கள் உள்ளே போயிருந்தன. உதடு வெளுத்திருந்தது. அந்த வெயிலில் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. பேச வாயெடுத்தான், நாக்கு புரளவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் "முடிஞ்சுதாட்டம் இருக்குது" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்த முகத்தையும் அந்தச் சொல்லையும் அவள் இன்றுவரை மறக்கவில்லை.

பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் காரில் போட்டுக்கொண்டு போனார்கள். குளுக்கோஸ் ஏற்றினார், பிழைத்துக்கொண்டான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முந்தின நாள் ஏதாவது சீக்கு இருந்ததா, வயிறு கெட்டதா என்று மருதாத்தாளிடம் மலையாளத்தில் பொறுமையாகத்தான் கேட்டார்.

"தலேதிவசம் வல்ல அசுகமும் உண்டாயிருந்தோ? வயறு வல்லதும் கேடு வந்தோ?"

"ஒரு சீக்கும் இல்லீங்க. வகுறெல்லாம் சுத்தமாத்தானுங்க இருந்துது," என்றாள் அவள்.

அப்படியானால் இருதயமாக இருக்கலாம், இனிமேல் ஓட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதோடு மனுஷன் பாதியாகிவிட்டான். கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் இறைக்கப் பயம். பத்து வயது மகள் சுப்பாத்தாள் தோளில் ஏறினால் பயம். காட்டில் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நின்று, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பான். இப்படி மூன்று வருஷம் ஓடியது. போன தை மாதம் கோயமுத்தூரில் பெரிய டாக்டர் ஒருவர் மெஷினில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்லைங்க, தாராளமா ஓடலாம்" என்று சொல்லிவிட்டார். பொங்கியண்ணன் அங்கேயே, ஆஸ்பத்திரி வராந்தாவில், அழுதுவிட்டான். மருதாத்தாளுக்கு அழுகையும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கு ஏன் விழுந்தார்? அதை எந்த மெஷினும் சொல்லவில்லையே.

தயாரிப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது. வரும் வழியிலேயே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினான். சுண்டுவிரல் கடிக்கிறது என்று அந்த இடத்தைப் பிளேடால் கிழித்தான். புது ஷூவைக் கிழித்ததற்காக மருதாத்தாள் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. பிறகு அவளே அந்தக் கிழிசலின் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். தொடை உரசிப் புண்ணாகாமல் இருக்கத் தேங்காயெண்ணெய், வியர்வை கண்ணில் வடியாமல் இருக்க நெற்றிக்குக் கிழித்த பழைய வேட்டி, கை வெட்டிய பனியன் இரண்டு என்று ஒரு மரப்பெட்டியே நிறைந்தது.

விடிகாலையில் ஓடிவிட்டு வந்தால் ராகிக்களியும் கீரையும். மத்தியானம் பச்சைப்பயறு. பொழுதுசாய ஊறவைத்த கடலையும் ஒரு கட்டி கருப்பட்டியும். இத்தனையும் அவன் கணக்குப்படி, சமைப்பது மட்டும் அவள். நீண்ட ஓட்டம் ஓடுகிற நாளில் நொச்சித் தழை போட்டு வெந்நீர் காய வைப்பாள். காலில் ஊற்றிவிட்டு, கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடுவாள். மார்புக்கும் தேய்ப்பாள். ஓடியது கால்தானே, மார்புக்கு எதற்கு எண்ணெய் என்று அவன் கேட்டதில்லை. அவள் உள்ளங்கை இடது பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அது எதற்கென்று அவனுக்கும் தெரியும், தெரியாத மாதிரி மேலே பனையோலைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் ஓடுகிற நேரமெல்லாம் அவள் வரப்பில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் பஸ் போய் இரண்டாவது பஸ் வருவதற்குள் ஆள் திரும்ப வேண்டும். பஸ் முந்திவிட்டால் ரோடுவரைக்கும் ஓடிப்போய்ப் பார்ப்பாள். நான்கு மைல் ஓடினான், ஆறு ஓடினான், போன வாரம் பத்து மைலையும் ஓடி முடித்துவிட்டு, களி கொண்டா என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றான். ஒரு தடவைகூட விழவில்லை. அப்படியிருந்தும் அவள் பயம் குறையவில்லை. போன தடவையும் பழக்கத்தின்போது விழவில்லையே, பந்தயத்தன்றைக்குத்தானே விழுந்தார் என்று அவள் மனசு குடைந்துகொண்டே இருந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. விடியற்காலையில் மருதாத்தாள் விளக்கெண்ணெயைச் சுடவைத்து, சுக்குக் காப்பியில் ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியத்துக்கும் முன்னால் பேதிக்குச் சாப்பிட்டு வயிற்றைச் சுத்தம் செய்துகொள்வது வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் உண்டு, நோன்புக்கு முன்னால் உண்டு. பொங்கியண்ணனின் அப்பா கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள்கூடச் சாப்பிட்டவர். உடம்பு லேசாக இருந்தால் ஓட்டமும் லேசாக இருக்கும் என்பது பொங்கியண்ணனின் கணக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான்.

மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை காட்டுப்பக்கம் போய் வந்துவிட்டான். இரண்டு வாய் ரசம் சோறு சாப்பிட்டான். தண்ணீர் வேண்டாம் என்று சொம்பைத் தள்ளி வைத்தான்.

"இன்னைக்குத் தண்ணியக் குடிச்சா நாளைக்கு வகுறு குலுங்கும் அம்மிணி."

மூன்று மணி இருக்கும். ஷூவைப் போட்டுப் பார்க்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்து குனிந்தவன், "ஐயோ" என்று காலைப் பிடித்துக்கொண்டான். கெண்டைச் சதை இழுத்துக்கொண்டது. மருதாத்தாள் எண்ணெய்க் கையோடு ஓடிவந்து உருவினாள். கல்லாக இருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

கண்கள் உள்ளே போயிருந்தன. உதடு வெளுத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ரோட்டோரத்தில் கிடந்த அதே முகம், இப்போது வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. ஓடாமலேயே சாகப் போகிறாரா? சட்டென்று மார்பில் கையை வைத்தாள். அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் வேகமாக, ஆனால் தாளம் தப்பாமல்.

மார்பில் கோளாறு இல்லை என்றால் இந்த முகம் எங்கிருந்து வந்தது? போன ஆவணியில் கழிச்சல் கண்ட கன்றுக்குட்டிக்கு இதே போலக் கண் உள்ளே போய், கால் இழுத்துக்கொண்டது. உப்புப் போட்ட கஞ்சியை வாயைப் பிளந்து ஊற்றித்தான் அதைக் காப்பாற்றினாள். அந்த நினைப்பு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. பழக்கத்துக்கு ஓடுகிற நாளில் அவர் பேதிக்குச் சாப்பிடுவதில்லை. பந்தயத்துக்கு மட்டும்தான் சாப்பிடுவார். மார்கழிக் குளிரில் ஆறு மைலுக்கு உடம்பு தாங்கிவிட்டது. போன தடவை பங்குனி வெயிலில் பத்து மைலுக்கும் சாப்பிட்டார். இதே சுக்குக் காப்பி, இவள் கையால்.

"ஏனுங்க," என்றாள். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும், "ஏனுங்க, அன்னைக்கு உங்களைச் சாச்சது இருதயமில்லீங்க. இந்த எண்ணெய்தானுங்க," என்றாள்.

"பைத்தியமாட்டப் பேசாத. பேதிக்குச் சாப்புடறது ஒரு சீக்கா?"

"சீக்கில்லைன்னுதானுங்க நானும் அந்த டாக்டர்கிட்டச் சொல்லாம உட்டுட்டேன். வகுறு கெட்டுதான்னு கேட்டாருங்க. சுத்தமா இருந்துதுன்னு பெருமையாச் சொன்னனுங்க."

பொங்கியண்ணன் அவளையே பார்த்தான். முதலில் கோபம் வந்தது. பிறகு, "மூணு வருசம்," என்றான். "மூணு வருசமா நான் செத்துட்டே இருந்தனே, மருதாத்தா."

அவன் தன்னை மன்னிப்பானா என்றெல்லாம் நினைக்க இப்போது நேரமில்லை. உள்ளே போய்ப் பழைய சோற்றைக் கரைத்து, கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைத்துவிட்டான்.

"நாளைக்கு ஓட வேண்டாமுங்க. அடுத்த வருசம் ஓடிக்கலாமுங்க."

"அதெப்படி? மூணு வருசம் கழிச்சுப் பேரு குடுத்திருக்கறேன். வல்லைன்னா, பயந்துட்டான்னு ஊரே சிரிக்கும். இருதயம் நல்லாருக்குதுன்னு நீயே சொல்லிப்போட்ட. அப்புறமென்ன பயம்?"

நாளைக்கும் வெயில் இதே வெயில்தான். கொடியசைக்கிறவர் நாளைக்கும் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். அவளால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள்.

"எங்க போற? ஏபுள்ள, நில்லு!" என்று பின்னால் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசகசாலைக்குள் பெண்பிள்ளைகள் போகிற வழக்கமில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலைந்து ஆண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மேஜையில் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செயலாளர் புது ஆள். ஒற்றப்பாலத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார், ஊர்க்காரர்களுக்கு மாஷ். அவருக்கு அவளைத் தெரியாது.

"ஒரு பேரை அடிக்கோணுமுங்க, மாஷே."

"ஆரோட பேரு?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"ஊட்டுக்காரருன்னா? இதில நாப்பது பேரு உண்டு."

"சுப்பாத்தாளோட அப்பாருங்க."

மாஷ் பேனாவைக் கீழே வைத்தார். பேப்பர் படித்தவர்களில் ஒருவர் சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டக்காரனின் பெண்டாட்டி என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். அம்மா சொல்லிக் கொடுத்து, பன்னிரண்டு வருஷமாக அவள் கட்டிக் காத்துவந்தது அது. ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், ஏன், பாலக்காட்டில் குளுக்கோஸ் ஏற்றின அன்றைக்குக்கூட வேறு யாரையாவது சொல்ல வைத்துத் தப்பித்திருக்கிறாள். அந்தப் பேர் இப்போது நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் ஆயுசு குறையும், சொல்லாவிட்டால் நாளைக்கு எட்டாவது மைல். அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பொங்கியண்ணனுங்க," என்றாள். பேனா அசையாததைக் கண்டு இன்னும் சத்தமாக, "எருத்தேன்பதி பொங்கியண்ணன். நேத்துவரைக்கும் நல்லா ஓடுனவரு. இன்னைக்குப் பேதிக்குச் சாப்புட்டிருக்கறாரு. நாளைக்கு ஓடுனா செத்துப்போவாரு. அடிங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பொங்கியண்ணன் நின்றிருந்தான். அவளைத் தடுப்பதற்காக, இழுத்த காலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். தன் பேர் அவள் வாயிலிருந்து வந்ததைப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டான்.

மருதாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். அறை வாங்கவும் தயாராக இருந்தாள்.

பொங்கியண்ணன் அவளைப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தான். பிறகு மெதுவாக உள்ளே வந்து, மாஷுக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அடிச்சுப்போடுங்க மாஷே," என்றான். "குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடுங்க."