பல் வைத்த நண்டு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பாதி, எட்டிப்பார்த்ததில் பாதி. கற்பனை என்று என் பங்குக்கு ஒன்றுமில்லை. அதெல்லாம் எதிர்வீட்டுப் பல்செட்காரியுடையது.

முதல் வரி: ‘ஆழ்கடலின் இருட்டில் ஒரு பிரம்மாண்டம்…’ வேண்டாம். எங்கள் தெருவில் ஏது கடல்?

மறுபடி: கார் இல்லாத கார் ஷெட்டில் ஒரு நண்டு இருந்தது. பதினோரு அடி அகலம், பன்னிரண்டு கால். உலகில் எங்கும் இல்லாத நண்டு.

இது போதும்.

2

பல்செட்காரி என்றால் டாக்டர் அல்ல.* டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். இவள் மெழுகிலும் பிளாஸ்டரிலும் பல்வரிசை செய்து கொடுப்பாள். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு இவள் கைவேலைதான். ஆனால் ஒருவரும் இவள் பெயரைச் சொல்வதில்லை. எப்படிச் சொல்வார்கள், சொந்தப் பல் என்றல்லவா சாதிக்கிறார்கள்!

அருங்காட்சியகம் குழந்தைகள் கூடத்தின் வாசலில் வைக்கக் ‘கற்பனை உயிரினம்’ ஒன்று கேட்டிருந்தது. தேர்வானால், செய்தவர் பெயரோடு பலகை. அவளுக்கு வேண்டியது அந்தப் பலகை. அதற்குத்தான் அந்த நண்டு.

(* என் வீட்டுக்காரர் இன்னும் டாக்டரம்மா என்றுதான் கும்பிடுகிறார். திருத்தி அலுத்துவிட்டது.)

3

கதைக்கு வில்லி வேண்டுமே என்று அவளுடைய மாமியாரைப் பிடித்தேன். ‘அந்தக் கிழவி ஒருநாளாவது…’ பேனா ஓடவில்லை. எட்டு மாதம் கூடவே நின்று கம்பி வளைத்தது அந்த அம்மாதான். போதாக்குறைக்கு, கொடுக்கின் உள்பக்கத்தில் வரிசையாக இருக்கும் கடைவாய்ப் பற்களும் அவருடையவை. பழைய பிளாஸ்டர் அச்சைப் பார்த்து மருமகள் பெரிதாக்கிச் செய்தவை.

நண்டுக்கு எதற்குப் பல் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கொடுக்கு என்றால் மூடும், மூடினால் கடி சரியாக உட்கார வேண்டும். அவள் தொழில் அப்படி.

4

அருங்காட்சியக அதிகாரி வந்தார். ஓடு, கண்காம்பு, காலின் முள் எல்லாம் பிரமாதம் என்றார். தேர்வாகிவிட்டது, ஒரே நிபந்தனை: பற்களைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் தப்பாகப் படித்துக்கொள்ளுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

“பன்னெண்டு கால் மட்டும் எந்த நண்டுக்கு மேடம் இருக்கு?” என்றாள் பல்செட்காரி.

“காலைப் பார்த்தா கற்பனைன்னு தெரியுது. பல்லைப் பார்த்தா தெரியாம செஞ்ச மாதிரி இருக்கு.”

அவர் போனபின் மாமியார்தான் பேசினார்: “எடுத்துரும்மா. அந்தப் பல்லு என் வாய்லயே இப்ப இல்ல. உன் பேரு வாசல்ல நிக்கட்டும்.”

5

முடிவு அ: தேய்த்தாள். பலகை ஏறியது. திறப்பு விழாவில் தெருவே முன்வரிசையில் உட்கார்ந்தது.

முடிவு ஆ: மறுத்தாள். பலகை இல்லை. நண்டைப் பார்க்கக் கார் ஷெட் வாசலில் அன்றாடம் கூட்டம். வழி சொல்லியே எனக்குத் தொண்டை வற்றியது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அதுதான் தொல்லை.

இன்று வியாழன். அவளே என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: “சொல்லுங்கக்கா, எடுக்கவா, விடவா?” இந்தத் தெருவில் நான் கருத்துச் சொல்லாத கல்யாணம் கிடையாது. இந்த முறை நேராகக் கார் ஷெட்டுக்குள் போனேன்.

நீங்கள் சொல்லுங்கள். அதற்குமுன் நான் செய்ததைச் செய்துவிடுங்கள். பல்செட்டின் கடி பார்க்கும், பல்லோடு பல் தொடும் இடத்தில் மட்டும் மை ஒட்டும் நீலத்தாள் ஒன்றை வாங்கி, கொடுக்கின் நடுவே வைத்து, ஒருமுறை மூடித் திறங்கள். பற்களைப் பாருங்கள். முன்னும் பின்னும், மேலும் கீழும், ஒவ்வொரு மேட்டிலும் ஒரே அளவில் ஒரு நீலப் புள்ளி.

பார்த்தாயிற்றா? இனி, எடு என்று சொல்வதானால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.