அண்ணனை யாரும் கேட்கவில்லை

பின் அறைச் சாவியைச் சித்தப்பா நீட்டினார். கோணேஸ்வரி வாங்கவில்லை.

“சவம் எடுக்குமட்டும் சிவபாதம் உள்ளுக்க இருக்கட்டும் பிள்ளை. சனம் வரப்போகுது. கொள்ளியை என்ர மகன் வைப்பான்.”

“அப்பாவுக்கு மூத்த மகன் இருக்கேக்க, ஏன் உங்கட மகன் வைக்கோணும்?”

“அவனுக்குச் சுகமில்லை எண்டு உனக்குத் தெரியாதே? நீதானே அந்தப் படிப்புப் படிச்சனி!”

மூதூருக்கு லோஞ்ச் படகு ஓட்டிய அப்பா வல்லிபுரம் விறாந்தை வாங்கில் சவமாகக் கிடந்தார். அவருக்கு முன்னால் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று மகளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை அவள்.

எழுபத்திரண்டாம் ஆண்டில், கொழும்பு மனநோய் ஆசுபத்திரியில் உளவியலாளராகச் சேர்ந்த புதிதில், அவளும் சித்தப்பாவைப் போலத்தான். ஆளைப் பார்க்குமுன் நோயின் பெயரைப் பார்ப்பாள். இன்னாருக்கு இன்னதுதான் நல்லது என்று தானே தீர்த்துவிடுவாள். கிண்ணியாவிலிருந்து வந்த ஜெமீலா என்ற நோயாளிதான் ஒருநாள் அவள் வாயை அடைத்தாள்.

“எப்பயும் உங்கட கேள்வியத்தானே கேக்கிறீங்க. என்ட கதைய எப்ப கேப்பீங்க?”

அதன் பிறகுதான் கோணேஸ்வரி சும்மா இருந்து கேட்கப் பழகினாள். பட்டப்படிப்பைவிட அது கஷ்டமாக இருந்தது. பெரிய டொக்டர்மார் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தத் துணிச்சலில்தான் இப்போது முற்றத்துச் சனத்துக்கு முன்னால் வாதாடினாள். சுகமில்லாதவன் என்றால் மகன் இல்லையா என்று கேட்டாள். கடைசியில் சித்தப்பா சாவியை மடிக்குள் செருகிக்கொண்டார்.

“என்னவோ செய்யுங்கோ. சுடலையில ஏதும் நடந்தா என்னைக் கேக்காதேங்கோ.”

வென்ற மிதப்போடு கிணற்றடிக்குப் போனாள். சிவபாதம் தனியே குந்தியிருந்தான்.

“அண்ணன், எல்லாரையும் சம்மதிக்க வச்சிட்டன். நீங்கள்தான் கொள்ளி வைக்கப் போறீங்கள்.”

அவன் எழும்பிக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து வீடு முழுக்க இவனைப் பற்றியே பேச்சு. இவனோடு பேசத்தான் ஒருவருமில்லை. அவளும்கூடப் பேசவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

“உங்களுக்கு என்ன விருப்பம், அண்ணன்?”

வாசலில் பறை ஓய்ந்து மறுபடி தொடங்கியது. அவள் அவசரப்படுத்தவில்லை.

“நெருப்பு எனக்கு ஏலாது,” என்றான். “அவன் வைக்கட்டும். நான் அப்பாவைக் குளிக்க வாக்கிறன். அவர் படுக்கையில கிடந்த நாள் முழுக்க நான்தானே வாத்தனான்.”

கொழும்பிலிருந்த தங்கைக்கு அது தெரியாது. ஒருவரும் எழுதவில்லை. எழுத வேண்டிய விசயமென்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

திரும்பிப் போய், சற்றுமுன் தோற்கடித்த மனிதரிடமே சொன்னாள்.

“உங்கட மகனே வைக்கட்டும், சித்தப்பா. அண்ணன் குளிப்பாட்டுவார்.”

சித்தப்பா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

அரப்பும் எண்ணெயும் வைத்தாயிற்று. முதல் குடத்தைத் தூக்கிய உறவுக்காரரின் கையைச் சிவபாதம் பிடித்தான்.

“பச்சைத் தண்ணி அப்பாவுக்கு ஆகாது.”

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். கோணேஸ்வரி வாயைத் திறக்குமுன் சித்தப்பா திரும்பினார்.

“பக்கத்து வீட்டில சுடுதண்ணி வாங்கிக்கொண்டு வாங்கோ,” என்றார்.

ஆவி பறக்க வந்த வாளிக்குள் சிவபாதம் விரலை விட்டான்.

“சூடு கூட,” என்றான்.

தண்ணீர் ஆறும்வரை எல்லாரும் காத்து நின்றார்கள்.